கடவுளின் குரலும் மற்றக் குரலும்

தமிழில் கேட்பது என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்றைத் தா என்று கேட்கிறோம். ஒருவர் சொல்வதையும் கேட்கிறோம். 2009 வரை எனது செபம் முழுவதும் முதலாவது வகைதான். பங்கருக்குள் குந்தியிருந்து செபமாலை உருட்டியபோது எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டோம். அடுத்த ஷெல் எங்கள் மேல் விழக்கூடாது. அது எங்கள் மேல் விழாத நாட்களில் வேறு யாரோ மேல் விழுந்தது.

அந்த ஏப்ரலில் எனது வலது காலில் ஷெல் துண்டு பாய்ந்தது. மாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களைப் புல்மோட்டைக்குக் கொண்டுபோன கப்பலில் என்னையும் ஏற்றினார்கள். அம்மாவும் தம்பியும் கரையில் நின்றார்கள். தம்பிக்கு 17 வயது. மே மாதத்துக்குப் பிறகு அம்மா மட்டும் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு நான் செபிக்கக் கண்ணை மூடினால் உள்ளே ஒரு குரல் வரும். தம்பியை ஏன் விட்டுவிட்டுப் போனேன் என்று அது கேட்கும். பதில் சொன்னால் வேறு விதமாகத் திரும்பக் கேட்கும். கப்பலில் ஏறும்போது நினைவு தெளிவாக இருந்ததா, ஏற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே, காலை இழுத்துக்கொண்டாவது கரையில் கிடந்திருக்கலாமே என்று தோண்டிக்கொண்டே போகும். அது செப நேரத்தில் வந்த குரல். பாவத்தைப் பற்றிப் பேசிய குரல். ஆகவே அது கடவுளுடைய குரல் என்றே நான் பல வருடங்கள் நம்பினேன்.

அப்படி இருக்க வேண்டியதில்லை என்று எனக்குக் காட்டியவர் 1556 இல் இறந்துபோன ஒரு மனிதர். லொயோலா இஞ்ஞாசியார். இயேசு சபையைத் தொடங்கியவர். முகாமில் ஒரு அருட்சகோதரி தந்த சின்னப் புத்தகத்தில்தான் அவரை முதலில் சந்தித்தேன். முதல் வாசிப்பில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதிலிருந்தே அவருடைய கதையைச் சொல்கிறேன்.

பம்பலோனா

இஞ்ஞாசியார் 1491 இல் ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்களின் நாட்டில், லொயோலா என்ற கோட்டை வீட்டில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் இனிகோ. பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. தாயைச் சிறுவயதிலேயே இழந்தவர். இளம் வயதில் அரசாங்கப் பொருளாளர் ஒருவரின் மாளிகையில் வளர்ந்து, அரசவை நடத்தை, வாள் வீச்சு, உடுப்பு, பெண்களின் பார்வை என்று அந்தக் காலத்துப் பிரபு வீட்டுப் பொடியன் எதையெல்லாம் விரும்புவானோ அதையெல்லாம் விரும்பினார். பிறகு நவார் பிரதேசத்தின் ஆளுநரான நாகெரா பிரபுவின் கீழ் சேவையில் சேர்ந்தார்.

1521 மே மாதம் பிரெஞ்சுப் படை பம்பலோனா நகரத்தைச் சூழ்ந்தது. நகரம் பணிந்துவிட்டது. உள்கோட்டை மட்டும் மிச்சம். எதிரிகளின் தொகையோடு ஒப்பிட்டால் உள்ளே இருந்தவர்கள் கைப்பிடியளவு. தாக்குப்பிடிக்க முடியாது என்பது உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரியும். உயிருக்கு உத்தரவாதம் கிடைத்தால் சரணடையலாம் என்றுதான் மற்றவர்கள் எண்ணினார்கள். இனிகோ மட்டும் விடவில்லை. மானம் பேசித் தளபதியின் மனதை மாற்றினார். மே 20 ஆம் திகதி கோட்டை மீது பீரங்கி முழங்கியது. ஒரு குண்டு அவருடைய வலது காலை நொறுக்கி, மற்றக் காலையும் காயப்படுத்தியது. அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். மானத்துக்காக மற்றவர்களைச் சாவுக்குள் இழுத்துவிட்டுத் தான் தப்பிய ஒருவரின் கதையை முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்து வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அவருக்கு வைத்தியம் செய்து, தூக்குக் கட்டிலில் வீடு வரை அனுப்பி வைத்தார்கள் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. எங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மாதங்கள் கழித்து வேறு வாசிப்பு இல்லாததால் மறுபடி எடுத்தேன். வீட்டுக்குப் போன பிறகு அவர் பட்ட பாடு அங்கே இருந்தது. எலும்பு பிசகிப் பொருந்தியிருந்ததால் காலைத் திரும்பவும் உடைத்துப் பொருத்தினார்கள். மயக்க மருந்து என்ற ஒன்று இல்லாத காலம். யூன் கடைசியில் இறந்துவிடுவார் என்றே வைத்தியர்கள் எண்ணினார்கள். பிழைத்தார். ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இறுக்கமான நாகரிகச் சப்பாத்துப் போட முடியாது என்பதற்காக அந்த எலும்பை அறுத்து எடுக்கச் சொன்னார். குட்டையான காலை இழுத்து நீட்ட வாரக்கணக்கில் பாரம் கட்டினார்கள். ஆனாலும் கடைசி வரை அவர் நொண்டித்தான் நடந்தார். நானும் நொண்டித்தான் நடக்கிறேன். அந்த ஒன்றுக்காகத் தொடர்ந்து வாசித்தேன்.

இரண்டு விதமான நினைவு

படுக்கையில் கிடந்த இனிகோ வாசிக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் அப்படிப் புத்தகம் எதுவும் இருக்கவில்லை. அண்ணி கொண்டுவந்து கொடுத்தது இரண்டு. ஒன்று சாக்சனியின் லுடோல்ஃப் என்ற துறவி எழுதிய இயேசுவின் வாழ்க்கை. மற்றது புனிதர்களின் வரலாறு.

வாசிப்பதும் நடுவில் கற்பனையில் மிதப்பதுமாக நாட்கள் போயின. சில மணி நேரம் உயர்குலத்துப் பெண் ஒருத்திக்காகத் தான் செய்யப்போகும் சாகசங்களை நினைப்பார். வேறு சில மணி நேரம் அசிசி பிரான்சிஸ் போலவும் தொமினிக் போலவும் வெறுங்காலோடு எருசலேமுக்குப் போவதை நினைப்பார். நினைக்கும் நேரத்தில் இரண்டும் இனித்தன. ஒரு நாள்தான் வித்தியாசத்தைக் கவனித்தார். முதலாவது நினைவு முடிந்த பிறகு மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது முடிந்த பிறகும் உள்ளே நிறைவு தங்கியிருந்தது.

வாழ்க்கை முழுவதும் அவர் கற்றதும் கற்பித்ததும் இந்தச் சின்ன அவதானிப்பிலிருந்து வளர்ந்தவைதான். வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு நினைவு வரும்போது எப்படி இருக்கிறது என்பதோடு, அது போன பிறகு எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். கடவுள் பேசுவதைக் கேட்பது என்று அவர் சொன்னது இந்தக் கவனிப்பைத்தான்.

ஆனால் அதைச் சரியாகச் செய்ய அவருக்குப் பல வருடங்கள் பிடித்தன. 1522 இன் தொடக்கத்தில் கோவேறு கழுதையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். வழியில் ஒரு முஸ்லிம் பயணி அவரோடு பேச்சுத் துணையாக வந்தார். பேச்சு மரியாளின் கன்னிமை பற்றித் திரும்பியது. இயேசுவின் பிறப்புக்குப் பிறகும் மரியாள் கன்னியாக இருந்தார் என்பதை அந்தப் பயணி ஏற்கவில்லை. அவர் முன்னே போன பிறகு இனிகோவுக்கு ஆத்திரம் பொங்கியது. மாதாவை இழிவுபடுத்தியவனைத் தேடிப்போய்க் குத்த வேண்டுமா விட வேண்டுமா என்று அவருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்தி, கழுதை எந்தப் பக்கம் போகிறதோ அதன்படி நடப்போம் என்று விட்டுவிட்டார். பயணி போன ஊரின் பாதை அகலமாகவும் நல்லதாகவும் இருந்தது. கழுதை மற்றப் பாதையில் போனது.

பக்திக்காக ஒரு மனிதரைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் கடவுளிடமிருந்து வந்திருக்குமா என்று அந்த வேளையில் அவருக்குக் கேட்கவே தோன்றவில்லை. கழுதைக்கு இருந்த நிதானம் அவருக்கு இருக்கவில்லை. முதுமையில் இதைத் தானே வாய்விட்டுச் சொல்லிப் பதிவுசெய்ய வைத்தார் என்பதற்காகவே எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. கடவுளின் பெயராலும், இனத்தின் பெயராலும் உள்ளே எழுந்த குரலைச் சோதிக்காமல் நடந்தவர்களால் எங்கள் மண்ணில் என்ன ஆனது என்பதை நான் எழுதிக்காட்டத் தேவையில்லை.

மன்றேசாவின் குழி

மார்ச் மாதம் மொன்செராத் மலையிலுள்ள மாதா கோவிலை அடைந்தார். குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை எழுதி எழுதி மூன்று நாட்கள் செய்தார். 24 ஆம் திகதி இரவு முழுக்க விழித்திருந்து, வாளையும் குத்துவாளையும் மாதாவின் பீடத்தில் விட்டார். விலையுயர்ந்த உடுப்பை ஒரு பிச்சைக்காரனுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாக்குத் துணியை உடுத்தார். அந்த உடுப்பைத் திருடியதாக அந்த ஏழையைப் பிடித்துவிட்டார்கள் என்று பிறகு தெரியவந்தபோது அழுதார். நல்லது என்று எண்ணிச் செய்ததும் இன்னொருவருக்குத் துன்பமாக முடியலாம் என்பது அவருக்குக் கிடைத்த முதல் பாடம்.

அங்கிருந்து பக்கத்து ஊரான மன்றேசாவுக்குப் போனார். சில நாட்கள் தங்க எண்ணியவர் ஏறத்தாழ 11 மாதங்கள் தங்கிவிட்டார். பிச்சை எடுத்துச் சாப்பிட்டார். தலைமுடியையும் நகத்தையும் வெட்டவில்லை. நாளுக்கு ஏழு மணி நேரம் முழந்தாளில் நின்று செபித்தார். முதல் சில மாதங்கள் மனம் அமைதியாக இருந்தது. பிறகுதான் அது தொடங்கியது.

மொன்செராத்தில் எல்லாப் பாவத்தையும் சொல்லியாகிவிட்டது. ஆனால் ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டேனா என்ற சந்தேகம் வந்தது. திரும்பப் போய்ச் சொன்னார். சொன்னதைச் சரியாகச் சொன்னேனா என்று மறுபடி ஐயம். அதையும் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னும் நுணுக்கமான ஒன்று நினைவுக்கு வரும். பழையவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டாம், மிகத் தெளிவான ஏதாவது இருந்தால் மட்டும் சொன்னால் போதும் என்று குருவானவர் கட்டளையிட்டார். அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தன. மாதக்கணக்கில் இது நீண்டது. அவர் தங்கியிருந்த அறையில், செபிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குழி இருந்தது. அதற்குள் பாய்ந்து உயிரை விட்டுவிட வேண்டும் என்ற உந்துதல் அடிக்கடி வந்தது. அது பாவம் என்று தெரிந்ததால், கடவுளுக்கு எதிரானதைச் செய்ய மாட்டேன் என்று அலறிச் செபித்தார். கடவுள் பதில் தரும்வரை உண்ண மாட்டேன் என்று ஒரு கிழமை பட்டினி கிடந்தார். குருவானவர் அதையும் நிறுத்தச் சொன்னார். இரண்டு நாட்கள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் திரும்ப வந்தது.

இந்தப் பக்கங்களை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. அவருக்குக் கேட்டதும் எனக்குக் கேட்டதும் ஒரே குரல்.

அவர் அதிலிருந்து எப்படி வெளியே வந்தார் என்பதுதான் முக்கியம். லொயோலாப் படுக்கையில் கற்றதை இங்கே பிரயோகித்தார். இந்த நினைவு எந்த வழியாக உள்ளே வந்தது, என்னை எங்கே கொண்டுபோகிறது என்று பின்னோக்கிப் பார்த்தார். அது பாவத்தைப் பற்றிப் பேசியது, புனிதமான மொழியில் பேசியது, செப நேரத்தில் பேசியது. ஆனால் அது கொண்டுவந்து நிறுத்திய இடம் அந்தக் குழியின் விளிம்பு. எத்தனை முறை கீழ்ப்படிந்தாலும் அது ஓயவில்லை. மன்னிக்கிற கடவுள் மன்னித்த பிறகும் ஒரு மனிதனை இப்படித் துரத்துவாரா என்று சிந்தித்தார். அன்றிலிருந்து பழைய பாவங்கள் எதையும் திரும்பச் சொல்வதில்லை என்று தெளிவாகத் தீர்மானித்தார். அந்தக் குரல் அவரை விட்டது. அந்தக் காலத்தில் கடவுள் தன்னை ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல நடத்தினார் என்று பிற்காலத்தில் சொன்னார்.

ஒரு நாள் ஊருக்கு வெளியே கார்தோனேர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தபோது அவருக்குப் பெரும் தெளிவு உண்டாயிற்று. காட்சி எதுவும் தெரியவில்லை. எல்லாமே புதிதாகப் புரிந்தது என்று மட்டும் சொன்னார். தன் வாழ்நாளில் கற்ற அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்தச் சிறு பொழுதில் கிடைத்ததற்கு ஈடாகாது என்பது அவருடைய கணிப்பு. அந்த ஆற்றங்கரைக்கு முன்னால் மாதக்கணக்கான குழி இருந்தது என்பதை நான் மறப்பதில்லை.

நல்லது போல வருவதும்

மன்றேசாவில் அவர் கற்ற இன்னொன்று நடைமுறையானது. இரவு படுக்கப்போகும் வேளையில் அருமையான ஆன்மிகச் சிந்தனைகள் ஊற்றெடுக்கும். அவற்றில் திளைத்து நித்திரையை இழந்தார். கடவுளுக்கென்று ஒதுக்கிய நேரம் பகலில் இருக்கிறதே, நித்திரைக்கான நேரத்தை இது ஏன் தின்கிறது என்று யோசித்தார். அதை விட்டுவிட்டு நித்திரை கொண்டார். நித்திரை கொள்வதும் கடவுளுக்குக் கீழ்ப்படிவதுதான் என்று ஒரு புனிதர் முடிவெடுத்ததை வாசித்தபோது, வருடக்கணக்காக இரவில் கண் மூடாத எனக்கு யாரோ அனுமதி தந்ததுபோல இருந்தது.

1523 இல் எருசலேமுக்குப் போனார். அங்கேயே வாழ்ந்து சாவதுதான் தனக்குக் கடவுள் விரும்புவது என்று உறுதியாக நம்பியிருந்தார். அங்கே பொறுப்பாக இருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் அனுமதிக்கவில்லை. யாத்திரிகர்கள் பிடிபட்டால் பணம் கொடுத்து மீட்க வேண்டிவரும் என்பது அவர்களுடைய கவலை. மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்றார்கள். மூன்று கிழமையில் திரும்ப வேண்டியதாயிற்று. தான் உறுதியாகக் கேட்டது பிழையாக இருந்திருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார். இனி என்ன செய்வது என்ற கேள்வியோடு ஊர் திரும்பி, 33 வயதில் பார்சிலோனாவில் சிறுவர்கள் கற்கும் இலத்தீன் இலக்கணத்தைப் படிக்கத் தொடங்கினார்.

அங்கும் அதே தொல்லை. வினைச்சொற்களை மனனம் செய்ய ஆரம்பித்தால் பக்தி உணர்வு பெருகி வரும். செபிக்கும்போதுகூட வராத உணர்வு இலக்கணம் படிக்கும்போது ஏன் வருகிறது என்று கவனித்தார். இதுவும் தடுக்க வருவது என்று புரிந்தது. ஆசிரியரிடம் போய், ஒரு வகுப்பையும் தவறவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்தத் தொல்லை நின்றது.

வழக்கும் தீர்ப்பும்

பிறகு அல்காலா, சலமான்கா என்று இரண்டு பல்கலைக்கழக நகரங்கள். குருவாகாத, படித்து முடிக்காத ஒருவன் சனங்களுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கிறான் என்று சந்தேகித்து அல்காலாவில் 42 நாட்களும் சலமான்காவில் 22 நாட்களும் சிறையில் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் அவருடைய போதனையில் பிழை இல்லை என்று விட்டார்கள். 1528 இல் பாரிசுக்குப் போய் ஏழு வருடம் படித்தார். அங்கே அறைத் தோழர்களாகக் கிடைத்தவர்கள் பீற்றர் ஃபேபரும் பிரான்சிஸ் சவேரியாரும். 1534 ஓகஸ்ட் 15 ஆம் திகதி மொன்மார்த் குன்றில் ஏழு பேர் வறுமையாகவும் கற்போடும் வாழ்ந்து எருசலேம் போவதாக வாக்குக் கொடுத்தார்கள். துருக்கியரோடு போர் மூண்டதால் கப்பல் போகவில்லை. போக முடியாவிட்டால் பாப்பரசர் அனுப்பும் இடத்துக்குப் போவது என்ற மாற்று ஏற்பாட்டின்படி உரோமைக்கு வந்தார்கள்.

உரோமையில் 1538 இல் அவர்கள் மேல் அவதூறு கிளம்பியது. அவர்கள் தப்பியோடிய குற்றவாளிகள் என்று சிலர் பரப்பினார்கள். விசாரணை வந்ததும் பரப்பியவர்கள் பின்வாங்கினார்கள். விடயத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பலர் ஆலோசனை சொன்னார்கள். இஞ்ஞாசியார் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்தில் தீர்ப்பு வேண்டும் என்று நின்றார். பாப்பரசரையே நேரில் கண்டு கேட்டார். அந்த நவம்பரில் நீதிபதி எழுத்தில் தீர்ப்புக் கொடுத்தார்.

எனக்கு இந்தச் சம்பவம் மன்றேசாவைப் போலவே முக்கியம். உள்ளே இருந்து தன்னைக் குத்திக்கொண்டிருந்த குரலை விட்டுவிட்ட அதே மனிதர், வெளியே உண்மை எழுதப்பட வேண்டும் என்பதை விடவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் சிலர் வந்து, நடந்ததை மறந்துவிடுங்கள், கடவுளிடம் விட்டுவிடுங்கள், மன அமைதி கிடைக்கும் என்று சொல்கிறார்கள். அம்மா இன்றும் தம்பியின் படத்தோடு வீதியோரப் போராட்டத்துக்குப் போகிறார். அவருடைய கேள்வியும் எனக்குள் கேட்ட குரலும் ஒன்றல்ல. அந்தக் குரல் என்னைக் குழிக்கு இழுத்தது. அம்மாவின் கேள்வி அவரைக் காலையில் எழுப்பி, சேலையைக் கட்டி, அதே நிலையில் உள்ள மற்றத் தாய்மாரோடு கொண்டுபோய் இருத்துகிறது.

கடல் தாண்டிய கடிதம்

1540 செப்டெம்பர் 27 ஆம் திகதி இயேசு சபைக்குப் பாப்பரசரின் அங்கீகாரம் கிடைத்தது. அடுத்த ஆண்டு இஞ்ஞாசியார் அதன் தலைவரானார். எஞ்சிய 15 வருடங்களும் உரோமையில் சில சிறிய அறைகளுக்குள்ளேயே கழிந்தன. உலகம் சுற்ற ஆசைப்பட்டவர் மேசையில் இருந்து ஏறத்தாழ 7,000 கடிதங்கள் எழுதினார். எழுதுவித்தவை அதிகம்.

அவர் மிகவும் நேசித்த சவேரியார் இந்தியாவுக்குப் போனார். போக இருந்தவர் வேறொருவர். அவர் நோயில் விழுந்ததால் ஒரு நாள் அவகாசத்தில் சவேரியார் புறப்பட்டார். முத்துக்குளித்துறையில் அவர் உழைத்த காலத்தில் மன்னாரிலும் மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1544 இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆட்கள் அவர்களில் சுமார் 600 பேரைக் கொன்றார்கள் என்று திருச்சபை வரலாறு சொல்கிறது. கடிதங்களில் இருந்த தோழர்களின் கையொப்பங்களை வெட்டி எடுத்துச் சவேரியார் தன் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். 1553 யூனில் இஞ்ஞாசியார் அவரைத் திரும்பி வரும்படி கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் எழுதப்படுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே, 1552 டிசம்பர் 3 ஆம் திகதி, சீனக் கரையோரத் தீவொன்றில் சவேரியார் இறந்துவிட்டார். இறந்தவருக்கு வா என்று எழுதிய அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் தம்பிக்கு இன்னமும் எடுத்து வைக்கும் நத்தார் உடுப்பு கண்ணில் வரும். கடவுளுக்குச் செவிகொடுப்பதில் தேர்ந்தவர் என்று உலகம் சொல்லும் இஞ்ஞாசியாருக்கும் அந்தச் செய்தியைக் கடவுள் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவருடைய சபையினர் பிற்காலத்தில் எங்கள் கிழக்கில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பாடசாலைகள் நடத்தினார்கள். அவர்களில் ஒருவரான யூஜின் ஹெபியர் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு வழியில் காணாமற்போனார். அவரோடு போன பையனும் திரும்பவில்லை. மொன்மார்த் குன்றில் வாக்குக் கொடுத்த அதே திகதி.

கால் மணி நேரம்

ஆன்மிகப் பயிற்சிகள் என்ற அவருடைய கையேடு 1548 இல் அச்சானது. அதை வாசித்து முடிக்க முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும். முழுமையாகச் செய்ய ஏறத்தாழ 30 நாட்கள். நற்செய்திச் சம்பவம் ஒன்றுக்குள் கற்பனையில் நுழைந்து, அங்கே நின்று பார்த்து, முடிவில் நண்பன் நண்பனோடு கதைப்பதுபோல இயேசுவோடு கதைக்க வேண்டும். கதைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அதிலுள்ள விதிகளில் ஒன்று, மனம் இருண்டு கிடக்கும்போது புதிய முடிவு எதையும் எடுக்காதே, வெளிச்சம் இருந்த நாளில் எடுத்த முடிவிலேயே நில் என்பது. யாராவது என்னிடம் இஞ்ஞாசியாரைப் பற்றி ஒரே ஒரு விடயம் சொல்லக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இந்த விதியால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வது மிகையல்ல.

இன்னொன்று நாள்தோறும் செய்வது. நோயாளிக்கும் வேலைக்காரனுக்கும் வேறு செபம் முடியாவிட்டாலும் இது போதும் என்று அவர் கருதினார். நன்றி சொல்லிவிட்டு, வெளிச்சம் கேட்டுவிட்டு, காலையிலிருந்து நடந்தவற்றை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது. எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது என்று பார்ப்பது. தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு வேண்டியதைக் கேட்பது. கால் மணி நேரம் காணும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தியான வீட்டில் வயதான குருவானவர் ஒருவரிடம் எனது குரலைப் பற்றிச் சொன்னேன். அவர் எந்த அறிவுரையும் தரவில்லை. தம்பியோடு கடைசியாக இருந்த நாளை இந்த முறையில் திரும்பிப் பார்க்கச் சொன்னார். பயந்து பயந்து செய்தேன். அந்தக் குரல் எனக்கு ஒருபோதும் காட்டாத ஒன்று நினைவுக்கு வந்தது. என்னைக் கப்பலுக்குக் கொண்டுபோக வள்ளம் வரை தூக்கிக்கொண்டு வந்த ஆட்களில் தம்பியும் ஒருவன். என்னைப் போகச் சொன்னவன் அவன். அந்த நாளின் முழு உண்மையில் அவனுடைய கையும் இருந்தது. குற்றம் சாட்டிய குரல் அந்தக் கையை வெட்டிவிட்டுத்தான் எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. அன்று அழுத அழுகை வேறு விதமானது. அது முடிந்த பிறகு உள்ளே வறட்சி இருக்கவில்லை.

தம்பி எங்கே என்று கடவுள் எனக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் குரல் இன்னமும் வரும், மே மாதத்தில் கூடுதலாக. வரும்போது அது யார் என்று எனக்குத் தெரியும்.

இஞ்ஞாசியார் 1556 யூலை 31 ஆம் திகதி விடியற்காலையில் இறந்தார். முதல் நாள் மாலையே தனக்கு முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்து, பாப்பரசரிடம் போய் ஆசீர் வாங்கி வரும்படி செயலாளர் பொலங்கோவிடம் சொன்னார். ஸ்பெயினுக்குப் போகும் தபாலை முடிக்க வேண்டியிருந்த பொலங்கோ, வைத்தியர்களும் ஆபத்தில்லை என்றதால், நாளைக்குப் போகலாமா என்று கேட்டார். இன்றே போனால் நல்லது, ஆனாலும் உன் விருப்பம் என்று விட்டுவிட்டார். விடிந்தபோது காலம் கடந்துவிட்டது. இறுதி அருட்சாதனங்கள்கூடக் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் கேட்கப் பழகியவர் கடைசியில் சொன்னதை, பக்கத்தில் நின்றவர் சரியாகக் கேட்கவில்லை. அதற்காக அவர் கோபப்படவில்லை. இரவில் அவர் கடவுளை அழைத்துக்கொண்டு கிடந்ததை அடுத்த அறையில் இருந்தவர் கேட்டிருக்கிறார்.

இரவில் விளக்கை அணைக்கும் முன் நானும் கால் மணி நேரம் குந்தியிருக்கிறேன். பக்கத்து அறையில் அம்மா செபமாலை சொல்வது கேட்கும். அவர் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், தமிழில் அந்தச் சொல்லுக்குள்ள இரண்டு பொருளிலும்.